‘நே’ என்றால் ஓமா, இல்லையா?

கொழும்பிலிருந்து என்னைச் சிட்னிக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியபோது திணைக்களம் ஒரு வேலைதான் தந்தது. நில அளவைக்குப் புதிதாக வந்திருக்கும் கருவிகளைப் பழகிக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டாவது வேலை நான் போய் இறங்கி இரண்டு மாதம் கழித்து நீலக் கடிதத்தில் வந்தது. எழுதியது சுன்னாகத்தில் இருக்கும் என் அக்கா.

“மெல்போர்னிலை ஒரு பெடியன் இருக்கிறான். பேர் யோகநாதன். எஞ்சினியர். அரசாங்கப் பண்ணையொண்டிலை பெரிய வேலையாம். சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு. எங்கடை ஜெயந்திக்குப் பாக்கிறம். நீ உங்கைதானே நிக்கிறாய். ஒருக்கா எட்டிப் போய் ஆள் எப்பிடியெண்டு விசாரிச்சு, ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லையெண்டு ஒரு தந்தி அடி. அவையள் இந்த மாதத்துக்குள்ளை மறுமொழி கேக்கினம்.”

ஜெயந்தி அக்காவின் மகள். சிட்னியும் மெல்போர்னும், சுன்னாகமும் பக்கத்து மருதனார்மடமும் மாதிரி என்பது அக்காவின் எண்ணம். இரண்டுக்கும் நடுவில் இலங்கையை முழுநீளத்துக்கு இரண்டு முறை கிடத்தலாம். ஆனாலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மாப்பிள்ளை விசாரிப்பதில் எனக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது. அவருடைய வீட்டாரிடம் போகக் கூடாது. சங்கக்கடை மனேஜர், முடிவெட்டுகிறவர், பக்கத்து வளவுக்காரர், முன்பு படிப்பித்த வாத்தியார் என்று சுற்றி வளைத்துப் போய், வேறு ஏதோ அலுவலாக வந்தவன் போலக் கதை கொடுத்து, கறக்க வேண்டியதைக் கறக்க வேண்டும். என் ஒன்றுவிட்ட தங்கைக்குப் பேசிய ஒருவர் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஆளே மாறிவிடுவார் என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் கிடைத்த செய்தி அது.

ஜூன் மாதத்து நீண்ட வாரவிடுமுறையில் போனேன். வெள்ளிக்கிழமை காலை மெல்போர்னில் இறங்கியபோது வெயில். ட்ராமுக்குக் காத்திருந்தபோது மழை. ட்ராமில் ஏறியபோது ஆலங்கட்டி. சிட்னியில் எங்கள் வகுப்பில் மெல்போர்ன் வானிலையைப் பற்றிச் சிரிக்காத ஆள் இல்லை. நான்தான் அதைக் கேலி என்று நினைத்துவிட்டேன்.

பசிக்கு ‘பை’ என்று இங்கே சொல்கிற, மாவுக்குள் இறைச்சிக் குழம்பை வைத்துச் சுட்ட பண்டம் ஒன்று வாங்கினேன். இங்குள்ளவர்கள் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடி சாப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கடித்தேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்த குழம்பு நாக்கைச் சுட்டுவிட்டு டையில் இறங்கியது. கைக்குட்டையால் துடைத்தேன். கறை இன்னும் அகலமானது. கோட்டுப் பொத்தானைப் பூட்டி மறைத்துக்கொண்டேன்.

ட்ராம் கொண்டக்டர் ஒரு பெண். டிக்கெட்டைத் தந்துவிட்டு என்னை ‘கண்ணே’ என்கிற மாதிரி ஒரு சொல்லால் அழைத்தாள். நான் திடுக்கிட்டேன். பிறகு பார்த்தால் முன்னால் இருந்த தொண்ணூறு வயதுக் கிழவரையும் அப்படியே அழைத்தாள். அந்தக் கிழவர் தன் நண்பரிடம், “இந்த வண்டியில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் இப்போது நீயும் நானும்தான்” என்று குறைப்பட்டுக்கொண்டார். அது ஏறக்குறைய உண்மை. எனக்குப் பின்னால் ஒரு மொழி, பக்கத்தில் இன்னொரு மொழி, கதவடியில் நின்ற பெண்கள் இருவர் மூன்றாவது மொழியில் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்கள். போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் போகும் ட்ராம் இது என்பதை எந்த மொழியிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்பி வந்தேன்.

பிரன்ஸ்விக்கில் அக்கா விலாசம் எழுதியிருந்த தெருவைக் கண்டுபிடிக்க மத்தியானமாகிவிட்டது. வெள்ளைக்காரர் வீட்டு முன்றிலில் வெட்டிய புல் இருக்கும். இந்தத் தெருவில் முன்றில் முழுக்கப் போஞ்சியும் கோவாவும் எலுமிச்சையும் நின்றன. எண்ணெய்த் தகரங்களுக்கு வெள்ளையடித்துத் துளசி மாதிரி ஒரு செடி வைத்திருந்தார்கள். யோகநாதன் அறை எடுத்திருந்த வீட்டின் முன்னால் கறுப்பு உடுப்பில் ஒரு அம்மாள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எலெனி என்று பெயர். கிரேக்கப் பெண். அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அவர் வீட்டுக்காரி, அவ்வளவுதான்.

கோட்டும் டையும் கட்டி, கையில் தோல் பையும் குறிப்புப் புத்தகமுமாக வேலியருகே போய் நின்றேன். அளவையாளனுக்குப் புத்தகம் இல்லாமல் கேள்வி கேட்க வராது.

“யோகநாதன் இங்கே இருக்கிறாரா?” என்று இங்கிலீஷில் கேட்டேன்.

“நே” என்றார்.

கொழும்பில் என் சிங்கள நண்பர்கள் வசனத்துக்கு வசனம் ‘நே?’ என்று முடிப்பார்கள். ‘அப்படித்தானே’ என்று அர்த்தம். இந்த அம்மாள் சிங்களம் பேச நியாயமில்லை. எனவே இது ‘நோ’வின் ஏதோ உறவு என்று முடிவு செய்தேன். வீட்டு இலக்கத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. “இலங்கைக்காரர். எஞ்சினியர்” என்றேன். “நே, நே” என்று மேல்மாடி ஜன்னலைக் காட்டினார். வாய் இல்லை என்கிறது, கை இருக்கிறார் என்கிறது. கையை நம்பி அடுத்த கேள்விக்குப் போனேன்.

“குடிப்பாரா?”

“நே.”

“பெண்கள் வந்து போவார்களா?”

“நே.”

“வேலை முடிந்து நேரத்துக்கு வீட்டுக்கு வருவாரா?”

“நே.”

முதல் இரண்டும் திருப்தி. மூன்றாவது கொஞ்சம் உறுத்தியது. எல்லாவற்றையும் அவர் கண்முன்னாலேயே எழுதிக்கொண்டேன். எழுதும்போது வீட்டுக்குள் ஒரு திரை அசைந்தது. பின்கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அந்த அம்மாளின் முகம் வெளிறியிருந்ததைக் குளிருக்கு என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு ஆள் காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்களோடுதான் கதைக்க வேண்டியிருந்தது. யூகோஸ்லாவியர், பெயர் மிர்கோ. யோகநாதனைத் தெரியுமா என்றேன். “நே” என்றன கால்கள். தெரியாது என்றவரையும் விடாமல், குடிகாரரா என்றேன். “நே.” கெட்ட சகவாசம் உண்டா என்றேன். “நே, நே.” பிறகு தலை வெளியே வந்தது. என் டையிலிருந்து சப்பாத்து வரை பார்த்துவிட்டு, “எந்த இடத்திலிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்டார். சும்மா வந்தவன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, “திணைக்களத்திலிருந்து” என்று நிமிர்ந்து சொன்னேன். அதுவே இங்கிலீஷில் இன்னும் கனமாக விழுந்தது. தலை திரும்பக் காருக்கு அடியில் போய்விட்டது.

தெருமுனையில் ஒரு இத்தாலியரின் பழக்கடை. விசாரிப்பு நல்லபடி முடிந்த களிப்பில் தோடம்பழம் வாங்கப் போனேன். ‘நே’ என்றால் இல்லை என்று இன்றைக்குக் கற்றுக்கொண்டேன் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் யார் சொன்னது என்று கேட்டார். இரண்டு வீட்டையும் காட்டினேன். அவர் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மிர்கோ சொன்னால் இல்லை. எலெனி சொன்னால் ஆம்” என்றார். “கிரேக்கருக்கு நே என்பது ஆம். எதிர்வீட்டில் அதே நே, இல்லை. பத்து வருடமாக இந்தத் தெருவில் இவர்கள் எப்படிச் சண்டை பிடிக்காமல் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.”

“உங்கள் மொழியில்?”

“எங்களுக்கு அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. ‘இதில் எத்தனை வேண்டும்?’ என்று கேட்கிறேன் அல்லவா, அந்த ‘இதில்’தான் எங்கள் நே.” பக்கத்தில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர் ஹங்கேரியர் என்றும், அவர் தன் மகன் மதிலில் ஏறினால் ‘நே’ என்று கத்துவார், அதற்கு ‘செய்யாதே’ என்று பொருள் என்றும் சொன்னார். சிட்னி வகுப்பில் என்னோடு படிக்கும் பிரெஞ்சுக்காரர் நினைவுக்கு வந்தார். அவர்களிடம் இந்த நே மறுப்பில் பாதிதான். வினைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்துப் பூட்ட வேண்டும். அவசரத்தில் நே விழுந்துவிட்டாலும் மறுப்பு அப்படியே நிற்குமாம். ஒரு முழத் தெருவுக்குள் இவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஓட்டலுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து எலெனியின் பக்கத்தைத் திருத்தினேன். குடிப்பார். பெண்கள் வந்து போவார்கள். நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். இப்படி ஒரு மனிதனை நான் எந்த விசாரிப்பிலும் சந்தித்ததில்லை. மறுநாள் திரும்பப் போவதைத் தவிர வழி இல்லை.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தது யோகநாதன்தான். முப்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், தூக்கமில்லாத கண். உள்ளே யாரோ அழும் சத்தம் கேட்டது. என்னை ஒரு தரம் பார்த்தார். யாழ்ப்பாணத்தானுக்கு யாழ்ப்பாணத்தானைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்.

“நேற்றுக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து என்னைப் பற்றி விசாரிச்சது நீங்களோ?”

“ஓம் தம்பி” என்றேன். பெண்ணின் தாய்மாமன் என்பதையும் சொன்னேன். வேறு என்ன சொல்ல.

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். “என்னட்டை நேரை வந்து கேட்டிருக்கலாமே அண்ணை.”

“மாப்பிள்ளையிட்டையே போய், நீர் குடிக்கிறனீரோ எண்டு கேக்கிறதோ?”

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். இப்ப பாருங்கோ, கோஸ்தாவைக் காணேல்லை.”

குசினிக் கதிரையில் என்னை இருத்தி விஷயத்தைச் சொன்னார். கோஸ்தா எலெனியின் அக்கா மகன். சரக்குக் கப்பலில் மாலுமியாக வந்து, கப்பல் போனபோது போகாமல் நின்றுவிட்டவன். இரண்டு வருடமாக அனுமதிக் கடதாசி இல்லாமல் இங்கே இருக்கிறான். கோட்டும் புத்தகமுமாக ஒரு ஆள் வேலியருகே நின்று கேள்வி கேட்டதைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக் குடிவரவுக்காரர்தான் வந்துவிட்டார்கள் என்று பின்மதிலால் பாய்ந்திருக்கிறான். ‘திணைக்களம்’ என்று நான் சொன்னதை மிர்கோ வந்து சொன்னதும் எலெனிக்கு மிச்ச நம்பிக்கையும் போய்விட்டது. பயத்தில் என்னுடைய கேள்விகள் ஒன்றும் அவருக்கு விளங்கவில்லையாம். அதிகாரி எதைக் கேட்டாலும் ஆம் என்று சொன்னால் சீக்கிரம் போய்விடுவார் என்று நினைத்திருக்கிறார். பிடிபட்டால் கோஸ்தாவை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே அவன் அனுப்பும் காசில்தான் தாயும் தங்கைகளும் இருக்கிறார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சுன்னாகத்தில் எத்தனை வேலியருகே நின்றிருப்பேன். எதிர்முகத்தில் என்ன ஓடுகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

“நானும் தேட வாறன்” என்றேன்.

யோகநாதனுடைய கார் அவர் வயதுக்குக் கொஞ்சம் இளையது. சந்தை, கோஸ்தா சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் இடம், துறைமுகத்தடி என்று மூன்று இடம் பார்த்தோம். ஒன்றிலும் இல்லை. பிறகு அவருக்கு வெரிபீ நினைவுக்கு வந்தது. சில சனிக்கிழமைகளில் அவரும் கோஸ்தாவும் அங்கே கடற்கரையில் தூண்டில் போடப் போவதுண்டு. பக்கத்தில் கோஸ்தாவின் ஊர்க்காரர் ஒருவர் மரக்கறித் தோட்டம் செய்கிறார். பாதி வழியில் காரின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. வெட்டவெளியில் நிறுத்தி, பென்னம்பெரிய லொறிகள் எங்களைத் தள்ளிவிடுவதுபோலப் போக, ரேடியேட்டர் ஆறும்வரை நின்றோம். நான் வாங்கி வைத்திருந்த தோடம்பழங்களை இருவரும் உரித்துத் தின்றோம்.

“நீர் வேலை செய்யிற பண்ணையும் இந்தப் பக்கந்தானாமே. என்ன பண்ணை அது?” விசாரிப்புப் புத்தி போகாது.

“மெல்போர்ன் சனம் கக்கூசிலை தண்ணி இழுத்துவிடுகினமெல்லோ. அதெல்லாம் வந்து சேருற இடம். அதைப் பாய்ச்சிப் புல்லு வளர்க்கிறம். மாடு மேயுது. நான் வாய்க்கால் பாக்கிறன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா ஊரிலை பண்ணையெண்டு மட்டும் சொல்லியிருப்பா” என்றார்.

அக்காவுக்கு இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். ஆனால் மறைக்காமல் சொன்ன ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

தோட்டம் கடலோரமாகத் தட்டையாகக் கிடந்தது. காணுமிடமெல்லாம் வெள்ளைத் தலையோடு பூக்கோவா. நடுவில் ஒரு ஆள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான். கார்க் கதவு சத்தத்துக்கு நிமிர்ந்தான். யோகநாதனைக் கண்டு கையைத் தூக்கினான். அவருக்குப் பின்னால் என் கோட்டைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினான்.

நானும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியாது. நில்லு தம்பி, நான் கலியாண அலுவலாக வந்தவன் என்று தமிழில் கத்திக்கொண்டு, முந்தின நாள் மழை ஊறிய அந்தக் கறுத்த மண்ணில் பத்து அடி போயிருப்பேன். ஒரு சப்பாத்து மண்ணிலேயே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. இரண்டு பூக்கோவாவுக்கு நடுவில் முகங்குப்புற விழுந்தேன்.

எனக்குப் பின்னால் யோகநாதன் தனக்குத் தெரிந்த கிரேக்கச் சொற்களில் ஒன்றை எடுத்துத் தன் நெஞ்சில் தட்டித் தட்டிக் கத்தினார். “கம்ப்ரோஸ், கோஸ்தா. கம்ப்ரோஸ்.” மாப்பிள்ளை என்று அர்த்தமாம். கோஸ்தா நின்றான். திரும்பி அவரைப் பார்த்தான். மண்ணில் கிடந்த என்னைப் பார்த்தான். மெல்ல நடந்து வந்து என் சப்பாத்தைப் பிடுங்கி எடுத்து, மண்ணை வழித்துக் கையில் தந்தான்.

“பெண் வீட்டுக்காரரா?” என்று உடைந்த இங்கிலீஷில் கேட்டான். ஆம் என்றேன். அவன் அப்படியே வரப்பில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் நீர் வந்தது. அது முழுக்கச் சிரிப்புக்கு வந்தது என்று நான் நினைக்கவில்லை.

அவனுடைய தீவிலும் இதே முறைதானாம். அவன் அக்காவுக்குப் பேசியபோது தகப்பன் மாப்பிள்ளையின் ஊரில் போய் மூன்று நாள் கோப்பிக் கடையில் குந்தியிருந்தாராம், கழுதை வாங்க வந்தவரைப் போல. கடைசியில் ஊர்க்காரர் தொல்லை தாங்காமல் ஒரு கழுதையையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாராம். அந்தத் தகப்பனைக் கண்டு கைகுலுக்க வேண்டும்போல எனக்கு இருந்தது.

“இப்போது கேளுங்கள்” என்றான் கோஸ்தா. “புத்தகத்தை எடுங்கள்.”

புத்தகம் காரில் கிடந்தது. அதை எடுக்கப் போகவில்லை. அவனே சொன்னான். யோகநாதன் சனிக்கிழமைகளில் ஒரு பியர் குடிப்பார், பிறகு பாடுவார், குடிப்பதைவிடப் பாடுவதுதான் தாங்க முடியாதது. பெண்கள் வருவதில்லை, எலெனி விடமாட்டார். போன குளிர்காலத்தில் கோஸ்தா ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்தபோது சொந்தப் பெயரில் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து துணியால் சுற்றிக்கொண்டு கிடந்தான். யோகநாதன் யாரோ ஒரு இலங்கை டொக்டரை வீட்டுக்கே கூட்டி வந்து கட்டுப் போடுவித்தாராம். அதைச் சொல்லும்போது அவன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். யோகநாதன் காரின் பக்கம் போய்விட்டார்.

அன்று பின்னேரம் எலெனி எங்களுக்கு முட்டையும் எலுமிச்சம்புளியும் அடித்து ஊற்றிய கோழி ரசம் தந்தார். சோறும் கிடந்தது அதில். இரண்டு மாதமாக ரொட்டியும் ஆட்டிறைச்சியும் தின்ற வயிறு அதைக் கண்டு உருகிவிட்டது. இன்னும் வேண்டுமா என்று கேட்டபோதெல்லாம் தலையை இரண்டு பக்கமும் சாய்த்தேன். எங்கள் ஊரில் அதற்கு ஓம் என்று பொருள். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார். “நே, நே” என்று அவசரமாகச் சொன்னேன். எலெனி கோஸ்தாவைப் பார்த்து ஏதோ சொல்ல, அவன் மொழிபெயர்த்தான். “நல்ல மனிதன்தான், ஆனால் இனிமேல் கோட்டைக் கழற்றிவிட்டு வரச் சொல்.”

ஞாயிற்றுக்கிழமை நான் திரும்ப வேண்டும். ரெயிலுக்கு ஏற்றிவிட யோகநாதன் வந்தார். மேடையில் கோப்பி குடித்தபடி, நானாகவே சொன்னேன். “தம்பி, நான் அக்காவுக்கு ஓமெண்டு தந்தி அடிக்கப் போறன்.”

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஜெயந்தியிட்டைக் கேட்டனீங்களோ?”

“அக்காதானே எழுதினவ.”

“அக்காவை இல்லை, அண்ணை. ஜெயந்தியை.”

அக்கா எழுதிய கடிதத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதில் சாதகம் இருந்தது, பண்ணை இருந்தது, மாத முடிவு இருந்தது. ஜெயந்தி படிப்பு முடித்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், இருபத்திநாலு வயது. அவளிடம் யாரும் கேட்டதாக ஒரு வரி இல்லை. நானும் கேட்க நினைத்ததில்லை. அவளை ஒரு வார்த்தையும் கேட்காமல் இவ்வளவு தூரம் வந்து, காருக்கு அடியில் கிடந்த இரண்டு கால்களிடம்கூட விசாரித்திருக்கிறேன்.

“கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவாள்” என்றேன்.

“எலெனியும் உங்களுக்கு எல்லாத்துக்கும் ஓம்தானே சொன்னவ” என்றார். “அப்பிடியொரு ஓம் எனக்கு வேண்டாம், அண்ணை.”

சிட்னிக்குத் திரும்பியதும் அக்காவுக்குத் தந்தி அடித்தேன். ‘ஜெயந்தியைக் கேள்.’ அக்காவிடமிருந்து உடனே பதில் தந்தி வந்தது. என் தந்தி பிழையாக வந்து சேர்ந்திருக்கிறதாம், ஓமா இல்லையா என்று திரும்ப அடிக்க வேண்டுமாம். நான் திரும்ப அடிக்கவில்லை. பதினொரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். கழிவுநீர், பாட்டு, மணிக்கட்டு, பூக்கோவா எல்லாம் எழுதினேன். கடித உறையில் ஜெயந்தியின் பெயரை எழுதிப் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பினேன்.

மூன்று கிழமையில் அவள் பதில் வந்தது.

“மாமா, உங்கடை கடிதத்தைக் குசினி மேசையிலை கொண்டுபோய் வைச்சனான். அம்மா இரண்டு நாள் ஒண்டும் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் வந்து, உனக்கு விருப்பமோ எண்டு கேட்டவ. என்னை இதுவரைக்கும் ஆரும் அப்பிடிக் கேட்டதில்லை. எனக்கு உடனை மறுமொழி சொல்ல வரேல்லை, மாமா. அழுகைதான் வந்தது. ஒரு கிழமை தாங்கோ எண்டு சொல்லியிருக்கிறன். அவரின்ரை விலாசத்தை எனக்கு அனுப்பிவிடுங்கோ.”

விலாசத்தை அனுப்பினேன். அவளுடைய மறுமொழி நேரே பிரன்ஸ்விக்குக்குப் போயிற்று. அதில் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடம் கழித்துச் சுன்னாகத்தில் அவர்களுடைய கலியாணத்தில் பந்தலடியில் இருவருக்கும் பக்கத்திலேயே நின்றேன். அந்தக் கடிதத்தைப் பற்றிய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விசாரிக்கவில்லை.